தொட்ட காய்

மே 3, சனி. கோவில்பட்டி

பெட்டி கட்டியாச்சு. ரெண்டு சுடிதார் போதும்னு அண்ணன் சொல்றான். ஒன்பது ரவுண்டுக்கு ரெண்டு சுடிதாராம்! இவனுக்கு மட்டும் அயர்ன் பண்ணின சட்டை அடுக்கடுக்கா. சத்தமில்லாம இன்னும் மூணு திணிச்சு வச்சுட்டேன்.

திங்கக்கிழமை கோயம்புத்தூர்ல செஸ் டோர்னமென்ட். அம்மாவுக்கு மறுபடியும் விளக்கினேன்: பெண்கள் கிராண்ட் மாஸ்டர் ஆகணும்னா மூணு நார்ம் வாங்கணும், பெரிய போட்டியில நல்லா ஆடினா ஒரு நார்ம், எனக்கு ரெண்டு இருக்கு. மூணாவது ரெண்டு வருஷமா கைக்கு வந்து வந்து வழுக்குது. இந்தத் தடவையும் போச்சுன்னா அம்மாகூட தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகணும், இல்ல மாமா பாத்து வச்சிருக்கிற சங்கரன்கோவில் மாப்பிள்ளைக்குக் கழுத்த நீட்டணும். ரெண்டுக்கும் நான் ஆளில்ல.

உதடு கொஞ்சம் கிழிஞ்சிருக்கு. குடம் இடிச்சிருச்சு. அம்மா மஞ்சள் குழைச்சு வச்சா. எந்தக் குடம்னு கேக்கல.

எனக்குக் காய் நகத்தச் சொல்லிக் கொடுத்ததே அண்ணன்தான். அப்பா செத்த வருஷம். மொதப் பாடம், தொட்ட காய நகத்தியே ஆகணும். தொட்டுட்டு மாத்தினா விரல்ல ஸ்கேல் விழும். அது எங்க வீட்டுச் சட்டமாவே ஆயிப்போச்சு. பணியாரத் தட்டுல ஒண்ணத் தொட்டுட்டு வேறத எடுத்தா அம்மாவே, "ஏளா, தொட்டாச்சுல்ல? அதையே எடு"ம்பா.

போன கார்த்திகையில என் ரேட்டிங் அண்ணன் ரேட்டிங்கத் தாண்டிருச்சு. அன்னைக்கு அவன் தெருவுக்கே லட்டு கொடுத்தான். நான்தான் சாப்பிடல. பல்லு ஆடிக்கிட்டு இருந்துச்சு.

மே 5, திங்கள். கோவை

மொத ரவுண்டு ஜெயிச்சேன். ஒடிசாப் பொண்ணு, சின்னப் பிள்ள. அண்ணன் ரயில்ல சொல்லிக் கொடுத்த நகர்வுகளே கடைசி வரைக்கும் வந்துச்சு. அவனுக்கு ஒரே சந்தோசம். பரோட்டா வாங்கிக் கொடுத்தான்.

"பாத்தியா? நான் சொன்னத அப்படியே ஆடு. மூளைய நான் வச்சுக்கிறேன், கைய மட்டும் நீ கொடு."

நானும் சிரிச்சேன். பரோட்டா நல்லாத்தான் இருந்துச்சு.

மே 6, செவ்வாய்

ஜெயிச்சேன். பன்னெண்டாவது நகர்வு மட்டும் அவன் சொன்னது இல்ல, என்னோடது.

மே 7, புதன்

இந்த வெயில்ல கழுத்தச் சுத்தித் துப்பட்டா. வேர்த்து ஊத்துது.

காலையில இட்லி எடுக்க நின்னப்போ பக்கத்துல ஒரு பிலிப்பைன்ஸ்காரி. ரோவேனா. நாப்பத நெருங்கியிருக்கும், குட்டையா, தோள் மட்டும் ஆம்பளத் தோள். சாம்பாரக் குடிக்கிற கப்புல ஊத்திக் குடிச்சுக்கிட்டு இருந்தா. நான் கிண்ணத்தக் காட்டினேன். "தெரியும், எனக்கு இப்படித்தான் பிடிக்கும்"னு சொல்லிட்டு இன்னொரு கப் ஊத்திக்கிட்டா. மேல்பல் ஒண்ணு கிடையாது. அதையும் காட்டித்தான் சிரிக்கிறா. அவ இங்கிலீஷ்ல பேசுறத நான் என் தமிழ்ல எழுதுறேன்.

அவ ஊரு ஏதோ தீவுல மீன்பிடிக்கிற ஊராம். மாமா ஜீப்னி ஓட்டுறவர், அதாவது அவங்க ஊரு ஷேர் ஆட்டோ மாதிரி. வண்டி நிக்கிற இடத்துல டிரைவருங்க பாட்டில் மூடிய வச்சு செஸ் ஆடுவாங்களாம். இவ எட்டு வயசுல அந்த டிரைவருங்கள எல்லாம் அடிச்சுத் துவைச்சு கலர் வாங்கிக் குடிச்சிருக்கா. பதினேழு வயசுல நாட்டுக்கே சாம்பியன். அப்புறம் ஒலிம்பியாட். அப்புறம் கல்யாணம், அப்புறம் ஹாங்காங்ல வீட்டு வேலை, ஞாயித்துக்கிழமை மட்டும் பார்க்குல செஸ். இப்பத்தான் திரும்பி வந்திருக்கா. இங்க நல்லா ஆடினாத்தான் நேஷனல் டீம்ல மறுபடியும் இடமாம்.

பேசிக்கிட்டே இருந்தவ என் துப்பட்டாவப் பாத்தா. நான் இழுத்து விட்டுக்கிட்டேன். அவ சட்னிய என் பக்கம் தள்ளினா.

இன்னைக்கு ஆட்டம் டிரா.

மே 8, வியாழன்

தோத்துட்டேன். கண்ணு தெரியாதவ மாதிரி ஒரு குதிரையச் சும்மா கொடுத்தேன். சை, கேவலம். எதிர்ல இருந்த ஆர்மீனியாக்காரி என்னையப் பாவமாப் பாத்தா.

அண்ணன் ஒரு வார்த்த சொல்லல. இளநி வாங்கிக் கொடுத்தான், தலையத் தடவிக் கொடுத்தான். "விடு, எல்லாருக்கும் வர்றதுதான்"னான். தங்கமான மனசு. சில நாள் நான்தான் அவனத் தப்பா நெனச்சுடுறேன்.

மே 9, வெள்ளி

ஜெயிச்சேன். ஜெயிச்சேன்னா சும்மா இல்ல, கொன்னேன்! நாக்பூர்ப் பொண்ணு ராஜாவ மூலையில பூட்டி வச்சுக்கிட்டு உட்காந்திருந்தா. அண்ணன் சொன்னது ராணிக்கு ராணி வெட்டி மாத்திக்கிட்டு மெதுவா ஆடணும்னு. எனக்கு அந்தப் பூட்டப் பாக்கப் பாக்கக் கை அரிச்சுது. மந்திரியத் தூக்கி அங்கயே போட்டேன். வெட்டினா. யானையப் போட்டேன். அதையும் வெட்டினா. அப்புறம் அவ ராஜாவ வீட்ட விட்டு இழுத்து நடுத்தெருவுல ஓட விட்டு அடிச்சேன். அவ காது செவந்துருச்சு. எனக்கு இப்படி ஆடத்தான் பிடிக்கும். எதிராளுக்கு மூச்சு முட்டணும். இந்த வெறி எனக்கு எங்கிருந்து வந்துச்சுன்னு அம்மா கேப்பா. எங்கிருந்து வரும், ஒரே வீடுதானே.

ரூம்ல பழைய மரப்பெட்டிக் கிளாக், காய நகத்தினதும் அமுக்குற செஸ் கிளாக், தவறிக் கைமேல விழுந்துருச்சு. நல்ல கனம்.

மூணு தடவ விழுந்துச்சு.

வலது கை. நடுவிரலும் மோதிர விரலும் சேந்து வீங்கி ஒரே விரலா நிக்குது. இத இடது கையில எழுதுறேன், கோழி கிண்டின மாதிரி இருக்கு. எக்ஸ்ரே எடுக்கணும்னேன். மேட்ச் முடியட்டும்னான் அண்ணன். அவனே ஐஸ் வாங்கிட்டு வந்து ஒத்தடம் கொடுத்தான். கொடுக்கும்போது அழுதான். நான்தான் தேத்தினேன்.

மே 10, சனி

இன்னைக்குப் பட்ட அவமானம் போதும்.

ஆட்டத்துக்கு முன்னாடி கைகுலுக்கணும், அது மொற. புனேக்காரி வலது கைய நீட்டினா. நான் இடது கைய நீட்டினேன். அவ மூஞ்சி போன போக்கப் பாக்கணுமே! அசிங்கத்தத் தொட்ட மாதிரி கைய இழுத்துக்கிட்டு ஆர்பிட்டரக் கூப்பிட்டுட்டா. நடுவர் மெஹருன்னிசா மேடம், ஈரோட்டுக்காரங்க, கண்ணாடிக்கு மேல பாக்கிறவங்க. என் கையப் பாத்ததும் அவங்க முகம் மாறிருச்சு.

"என்னம்மா இது?"

"கதவுல நசுங்கிருச்சு மேடம்."

"எந்தக் கதவு?"

அம்மா கேக்காத கேள்விய இவங்க கேட்டுட்டாங்க. நான் இடது கையால காய நேரா அடுக்கினேன். அவங்க விட்டுட்டாங்க. எந்தக் கையால காய நகத்துறேனோ அதே கையாலதான் கிளாக்க அமுக்கணும், ஒரு கை நகத்த ஒரு கை அமுக்கக் கூடாது, பாத்து ஆடுன்னு சொன்னாங்க. ஒவ்வொரு நகர்வையும் ஆடுறவங்களே தாள்ல குறிக்கணும், இடது கையில என்னால அது முடியாதுன்னு தெரிஞ்சதும், நகர்வுகள எழுத ஒரு ஆள் வச்சுக்கலாம், விதியில இடமிருக்குன்னாங்க.

"நான் எழுதுறேன் மேடம். அண்ணன்"னு பின்னாடி இருந்து குரல்.

மேடம் யோசிச்சாங்க. வேற ஆள் கிடைக்கல. "வாயத் திறக்கக் கூடாது. அவ ஆடினதுக்கு அப்புறம்தான் எழுதணும்"னு சொல்லி உட்கார வச்சாங்க. டிரா.

கை கழுவுற இடத்துல ரோவேனாக்கா வந்தா. தன் தண்ணி பாட்டில்ல இருந்த ஐஸ என் கையில கொட்டினா. அவ அந்த ஓட்டப் பல்லத் தொட்டுக் காட்டினா.

"என் புருசன்தான் எனக்குக் கோச்சு. இது போனது நான் ஒரு பெரிய ஆட்டத்துல ஜெயிச்ச அன்னைக்கு."

"தோத்த அன்னைக்கா?"ன்னு திருப்பிக் கேட்டேன்.

"ஜெயிச்ச அன்னைக்கு. உன்னைய எந்த அன்னைக்கு அடிக்கிறான்?"

யாரும் அடிக்கலன்னு சொல்லிட்டு வந்துட்டேன். என்ன திமிரு பாரு இவளுக்கு. பழகி நாலு நாளு ஆகல.

மே 11, ஞாயிறு

டிரா. நான் காயத் தொடுறதுக்கு முன்னாடியே அண்ணன் அந்த நகர்வத் தாள்ல எழுதிட்டான். எழுதினத நான் ஆடினேன். மேடம் பாத்துட்டாங்க, அவன எச்சரிச்சாங்க. அவங்க கோபம் அவன்மேல இருந்த மாதிரித் தெரியல, என்மேல இருந்த மாதிரி இருந்துச்சு.

மே 12, திங்கள்

எட்டாவது ரவுண்டு ஜெயிச்சேன். அண்ணன் சொன்ன வழியிலயே எதிராளி வந்து விழுந்தா. அவனுக்குச் சந்தோசம்.

நாளைக்குக் கடைசி ரவுண்டு, ரோவேனாக்காகூட. நான் ஜெயிச்சா நார்ம். அவ ஜெயிச்சா அவளுக்கு டீம்ல இடம். டிரா ஆனா ரெண்டு பேருக்கும் ஒண்ணுமில்ல.

"ராணிய மாத்திக்கிட்டு டிரா கேளு. பத்து நகர்வுல முடிச்சிடு"ன்னான் அண்ணன்.

"நார்ம் போயிருமேண்ணே."

"போகட்டும். அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

"எனக்கு ஜெயிக்கணும்."

அவன் மெதுவா, "ஜெயிச்சுட்டா அப்புறம் உனக்கு நான் எதுக்கு?"ன்னான். பாவமா இருந்துச்சு. நெஜமாவே பாவமா இருந்துச்சு. ஏதோ சொல்ல வாயெடுத்தேன், அதுக்குள்ள கைகொடுக்கிற மாதிரி என் வலது கையப் பிடிச்சுட்டான். "டிரா. சரியா?"ன்னு அமுக்கினான். சரின்னேன். விடுற வரைக்கும் சரி சரி சரின்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். கீழ வரவேற்புல டிவி சத்தம் அதிகமா இருந்ததால யாருக்கும் கேட்டிருக்காது.

துணி துவைக்கணும். ஒத்தக் கையால பிழிய வரல.

தோத்த அன்னைக்கு இளநி. அவன் சொன்னபடி ஆடி ஜெயிச்ச அன்னைக்குப் பரோட்டா. நானா யோசிச்சு ஜெயிச்ச அன்னைக்கு

வேண்டாம். படுக்கிறேன்.

மே 13, செவ்வாய்

எல்லாத்தையும் எழுதிடணும். ஆஸ்பத்திரி பெஞ்சுல உட்காந்து எழுதுறேன்.

காலையில மேடம் ரோவேனாக்காகிட்ட, "எதிராளிக்கு எழுதிக் கொடுக்க அவங்க அண்ணன் உட்காருறதுல உங்களுக்கு ஆட்சேபணை இருக்கா?"ன்னு கேட்டாங்க. அக்கா அவன ஏற இறங்கப் பாத்தா.

"உட்காரட்டும். அவன் கையாலேயே எழுதட்டும்"னா.

எனக்கு வெள்ளைக் காய். ஏழாவது நகர்வுல ராணிய மாத்திக்கிற இடம் வந்துச்சு. அண்ணன் பேனாவத் தயாரா வச்சிருந்தான். நான் ராணிப் பக்கம் கையக் கொண்டு போனேன், சத்தியமாக் கொண்டு போனேன். தொடல. கை அப்படியே தள்ளிப் போய் என் ராஜாவுக்கு முன்னாடி நின்ன சிப்பாயத் தொட்டுருச்சு. தொட்டாச்சு, நகத்தியே ஆகணும். ரெண்டு கட்டம் தூக்கி வச்சேன். உள்ள ஏதோ அறுந்த மாதிரி இருந்துச்சு. பயந்து செத்தேன், ஆனா நல்லாவும் இருந்துச்சு.

மேசைக்குக் கீழ அவன் ஷூ என் கால்மேல ஏறுச்சு. மிதிச்சான். நான் அடுத்ததையும் ஆடினேன். நகர்வுக்கு நகர்வு மிதிச்சான். எழுதுறத நிறுத்திட்டான். மேடம் வந்து, "ஏன் எழுதல?"ன்னதும் பல்லக் கடிச்சுக்கிட்டு எழுதினான். பேனா தாளக் கிழிச்சுது.

அக்காவும் சும்மா இல்ல. என் ஓரத்து யானைய மடக்கிப் பிடிச்சா, நடுவுல இருந்த சிப்பாய்கள ஒவ்வொண்ணாப் பிடுங்கினா. அடிக்கு அடி. ரெண்டு பேரும் ஒரு வார்த்த பேசாம ஒருத்திய ஒருத்தி அப்படிக் குத்திக்கிட்டோம். அவ ராஜா வீட்டுல ஒரு ஓட்ட தெரிஞ்சுது. ஒரு குதிரையப் பலி கொடுத்தா உள்ள நுழையலாம். குதிரையத் தூக்கி அவ ராஜா வாசல்லயே வச்சேன். செக்.

"டிரா கேளுடி சனியனே"ன்னான். சத்தமா.

ஹாலே திரும்புச்சு. மேடம் ஓடி வந்து ரெண்டு கிளாக் நேரத்தையும் நிறுத்தினாங்க. எழுதுற ஆள் பேசுனா எதிராளி புகார் பண்ணலாம், அக்கா நெனச்சிருந்தா அங்கேயே எனக்குத் தண்டனை வாங்கிக் கொடுத்திருக்கலாம். அவ கையக் கட்டிக்கிட்டு என்னையப் பாத்துக்கிட்டு இருந்தா.

"எனக்கு வேற ஆள் வேணும் மேடம்"னேன்.

"ஏம்மா?"

"என் கைய உடைச்சது இவன்தான்."

கதவு இல்ல, குடம் இல்ல, மாடிப்படி இல்ல. ஒரே ஒரு தடவ சொன்னேன். சொன்ன குரல் என்னோடதுதானான்னு எனக்கே சந்தேகம்.

மொத அடி கன்னத்துல. ரெண்டாவது மூக்குல. போர்டத் தூக்கி என் மூஞ்சில எறிஞ்சான், காயெல்லாம் தெறிச்சு மத்த மேசைக்குக் கீழ ஓடுச்சு. முடியப் பிடிச்சுச் சேரோட கீழ இழுத்தான். இத்தன நாளும் ரூமுக்குள்ள பண்ணினத இப்ப லைட்டுக்கு அடியில அத்தன பேரு முன்னாடி பண்றான். மூடி மறைக்கணும்னு அவனுக்கும் தோணல, எனக்கும் தோணல. நான் கடிச்சேன். அவன் முழங்கையில பல்லு பதிய, விடாமக் கடிச்சேன். வாட்ச்மேனும் ஆட வந்த பிள்ளைகளோட அப்பாமாரு ரெண்டு பேரும் வந்து பிச்சு எடுத்து வெளிய இழுத்துட்டுப் போனாங்க. "நான் இல்லேன்னா நீ யாருடி? நீ யாருடி?"ன்னு வாசல் வரைக்கும் கத்திக்கிட்டே போனான்.

மேடம் துண்டால என் மூக்க அழுத்திப் பிடிச்சாங்க. "ஆட்டத்த விடு தாயி. ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"முடிச்சிட்டு வர்றேன் மேடம்."

"காய் எல்லாம் கலைஞ்சு போச்சே. உன் அண்ணன் எழுதின தாளும் பாதியில நிக்குது. எதிராளி தாள வச்சுத்தான் அடுக்கணும்."

அக்கா ஏற்கெனவே குனிஞ்சு மேசைகளுக்குக் கீழ காய் பொறுக்கிக்கிட்டு இருந்தா. தாளப் பாக்கல. மனசுல இருந்தே ஒவ்வொண்ணா வச்சா. அவ யானை, என் சிப்பாய், அவ ராஜா. என் குதிரையில ரத்தம் ஒட்டியிருந்துச்சு. தன் சட்டையில துடைச்சா. அத எங்க வச்சா அவளுக்குச் சாவுன்னு அவளுக்கு நல்லாத் தெரியும். ஒரு கட்டம் தள்ளி வச்சிருந்தாலும் அந்த நெலமையில எனக்குக் கவனிச்சுச் சொல்லத் தெம்பு இருந்திருக்காது, முழுசா இருந்த தாளும் அவ எழுதினதுதான். ராஜா வாசல்லயே வச்சா. நேரா, கட்டத்துக்கு நடுவுல.

"என் முறை"ன்னு சொல்லிட்டு உட்காந்தா.

மூக்குல பஞ்ச வச்சுக்கிட்டு ஆடினேன். மேடமே பக்கத்துல உட்காந்து எழுதினாங்க. ஒரு தடவ இடது கையால நகத்திட்டுப் பழக்க தோசத்துல வலது கையால கிளாக்க அமுக்கிட்டேன். உயிர் போச்சு. அதுக்கும் மேடம் விதிப்படி எச்சரிச்சாங்க, கண்ணுல தண்ணியோட. அக்கா பாவம் பாத்து ஒரு சிப்பாயக் கூட விடல. குதிரைய வெட்டினா, திருப்பி அடிச்சா, என் ராஜாவையும் ஓட ஓட விரட்டினா. கடைசிவரைக்கும் எது வேணா நடந்திருக்கும். யானையக் கடைசி வரிசையில எறக்கினப்பத்தான் அவளுக்கு வழி அடைச்சுது.

அவ ரொம்ப நேரம் போர்டப் பாத்தா. டீம், ஊரு, இத்தன வருசம் எல்லாம் அந்தப் போர்டுலதான் இருந்துச்சு. அப்புறம் கிளாக்க நிறுத்திட்டுக் கைய நீட்டினா.

இடது கை.

மே 14, புதன்

ரெண்டு விரல் எலும்பு முறிவு, மூக்குத் தண்டுல கீறல். மாவுக்கட்டு போட்டாச்சு. ரோவேனாக்கா ஃப்ளைட்டுக்குப் போறதுக்கு முன்னாடி வந்து சாம்பார் வச்ச பிளாஸ்டிக் டம்ளரக் கொடுத்துட்டுப் போனா, கிறுக்கி. அழுதுட்டேன்.

மேடம் கூட வந்தாங்க ஸ்டேஷனுக்கு. எஸ்.ஐ. கேட்டாரு, அடிச்சது யாரும்மா? அண்ணன்னு சொல்ல வந்தேன். அவன் பேரச் சொன்னேன், பூவநாதன்னு. எல்லாத்தையும் சொன்னேன், லட்டுல இருந்து. இடது கையால கையெழுத்துப் போட்டேன்.

மத்தியானம் அம்மா போன் பண்ணினா. நார்ம் வாங்கினதப் பத்திக் கேக்கல.

"ஏளா செம்பகம், கேச வாபஸ் வாங்கிரு. கூடப்பொறந்தவன் ஜெயில்ல கெடந்தா ஊரு என்ன சொல்லும்? ஏதோ கோவத்துல கைநீட்டிட்டான். போலீஸ்காரவுங்ககிட்ட தெரியாமச் சொல்லிட்டேன்னு சொல்லு. இன்னும் ஒண்ணும் கெட்டுப் போயிரல, மாத்திக்கலாம்."

"உனக்குத் தெரியுமாம்மா, குடம் இடிக்கலன்னு?"

தீப்பெட்டி ஆபீஸ்ல மிஷின் ஓடுற சத்தம் மட்டும் கேட்டுச்சு. தெரியும். மஞ்சள் குழைக்கும்போதே தெரியும்.

"மாத்திக்கோளா"ன்னா மறுபடியும், அழுதுக்கிட்டே.

"தொட்டாச்சும்மா"ன்னேன்.